எழுநூற்று நாற்பத்து நாலு மடிப்புகள்

பதினொரு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கையில் கொக்கியக்காவின் விரலுக்கடியில் ஒரு கொக்கி ஆடியது.

ஆடக் கூடாது. திரையின் தலைப்பில் ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஒரு கொக்கி இருக்கும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஆறு தையல். பதினோரு வருடம் அதையே கையால் தைத்துத் தைத்துத்தான் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மூன்று வாரமாக அவள் தைப்பதில்லை. இயந்திரம் தைக்கிறது, அவள் திரையை ஏற்றுகிறாள், இறக்குகிறாள், பார்த்துக்கொள்கிறாள்.

நிறுத்து பொத்தானை அழுத்தினாள். ஊசியை மேலே தூக்கி, கழற்றி, வெளிச்சத்தில் பிடித்தாள். முனை இல்லை. அரை அரிசி நீளத்துக்கு ஒடிந்து போயிருந்தது.

தட்டுக்கு அடியில் பார்த்தாள். எண்ணெய்த் தொட்டியில் காந்தத்தை விட்டுத் துழாவினாள். நாலு கொக்கி வந்தது, முனை வரவில்லை. அப்படியென்றால் அது ஏதோ ஒரு திரைக்குள் இருக்கிறது. காலை ஒன்பதுக்கு வேலை ஆரம்பிக்கும்போது ஊசி முழுசாக இருந்ததை அவளே பார்த்தாள். அதற்குப் பிறகு முப்பத்தொரு திரை இறங்கியிருந்தன. அத்தனையும் ஆஸ்பத்திரிக்கு, குழந்தைகள் வார்டில் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட.

இயந்திரத்தைச் செய்தவன் அவள் தம்பி. மூலையில் மேசை போட்டு ஏதோ ஒயரைச் சுரண்டிக்கொண்டிருந்தவன், சத்தம் நின்றதும் ஓடி வந்தான்.

"ஏன்கா நிறுத்தின? ஒரு மணிக்கு பூதக்கண்ணாடி வர்றாரு, அதுக்குள்ள அறுபது தாண்டணும்."

பூதக்கண்ணாடி என்றால் திரை வாங்கும் கம்பெனியின் தரப் பரிசோதகர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். இன்று அவர் பார்த்துச் சரி என்று சொன்னால் இதே மாதிரி இன்னும் நாலு இயந்திரம் செய்யத் தம்பிக்கு முதலாளி ஆர்டர் கொடுப்பார்.

அவள் ஊசியை நீட்டினாள். அவன் முகம் வெளுத்தது.

"ஊசி ஒடஞ்சா தானா நிக்கும்னு சொன்னியே? ஏன் நிக்கல?"

"தொட்டியில விழுந்திருக்கும்."

"பாத்துட்டேன். ஏன் நிக்கலைன்னு கேட்டேன்."

அவன் பார்வை பக்கவாட்டு மூடிக்குப் போனது. அவளும் அங்கே பார்த்தாள். குனிந்து மூடியைத் திறந்தாள். ஊசியைக் கண்காணிக்கும் சென்சாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு செம்புக் கம்பி போட்டு முறுக்கியிருந்தது. ஊசி ஒடிந்தாலும் அது இனி சொல்லாது.

"நூல்தூசி பட்டாக்கூட நின்னு நின்னு போகுதுக்கா. ஒரு திரைக்கு மூணு தடவை. முதலாளி வாட்சைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் என்ன பண்றது?"

"எப்ப இருந்து?"

"முந்தாநாள் சாயங்காலம்."

அவளுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அம்மா போன பிறகு தலைக்கு எண்ணெய் வைத்து, பள்ளிக்கு அனுப்பி, தூக்கி வளர்த்தவள் அவள். கை தானாக உயர்ந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை.

உலோகம் கண்டுபிடிக்கும் கருவி பாக்கிங் அறையில் இருந்தது. சட்டைக்கும் தலையணை உறைக்கும் அது போதும். இதற்கு உதவாது. ஒவ்வொரு திரையிலும் இருபத்து நாலு இரும்புக் கொக்கி, வைத்தவுடன் கத்தும். அரை அரிசி இரும்பை இருபத்து நாலு கொக்கிக்கு நடுவே பிரித்துச் சொல்ல விரலால்தான் முடியும். முப்பத்தொரு திரை, எழுநூற்று நாற்பத்து நாலு மடிப்பு. ஒருத்தியால் ஆகிற காரியமா?

விரல் தேர்ந்தவர்கள் ஏழு பேர் பாக்கிங் அறையில் இருந்தார்கள். அவர்களிடம் போவதற்குத்தான் அவளுக்குக் கால் கூசியது.

எல்லோரும் அவளோடு ஒரே பெஞ்சில் கொக்கி தைத்தவர்கள். இயந்திரம் வந்ததும் அவர்களை மடித்துக் கட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்; அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது. கொக்கியக்கா மட்டும் தம்பி பக்கம் போய்விட்டாள் என்று மூன்று வாரமாக மதியச் சாப்பாட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இயந்திரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. நடுவீட்டில் நகராமல் உட்கார்ந்திருக்கும், ஒருத்தர் எண்ணெய் வைக்க வேண்டும், ஒருத்தர் ஊட்டிவிட வேண்டும், ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்பதால்.

அவள் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

"மாப்பிள்ளைக்குப் பல்லு விழுந்துடுச்சா?" என்றாள் வக்கீலம்மா. கேள்வி மேல் கேள்வி கேட்டு மேஸ்திரியையே திணறடிப்பவள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பேர் சிரித்தார்கள். "நல்லது. அதையே தேடிக்கச் சொல்லு. கைவேலைக்கு ஆள் வேண்டாம்னுதானே எங்களை இங்க தள்ளினீங்க?"

"தப்புதான். என்னை அப்புறம் திட்டு. இதெல்லாம் குழந்தைங்க வார்டுக்குப் போறது."

சிரிப்பு நின்றது. வக்கீலம்மா கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தாள்.

"உனக்காக இல்ல. உன் தம்பிக்காக சத்தியமா இல்ல," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

நீள மேசையில் எட்டு பேர் வரிசையாக நின்றார்கள். ஒரு திரையை விரிப்பது, மடிப்பின் அடிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்திக்கொண்டே மேலே வருவது, உள்ளே இருக்கும் விறைப்பான கேன்வாஸ் பட்டையைத் தடவுவது, அடுத்த மடிப்பு. பார்த்த மடிப்பில் சாக்பீஸ் புள்ளி. வேகமாக அழுத்தினால் குத்தும். மெதுவாக அழுத்தினால் நேரம் போய்விடும். தம்பி அங்கும் இங்கும் நடந்தான். கடைசியில் வக்கீலம்மா தலையைத் தூக்காமல், "ஒரு எடத்துல நில்லுப்பா, கண்ணைக் கட்டுது," என்றாள்.

பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பது திரை முடிந்திருந்தது. பன்னிரண்டேகாலுக்கு இருபத்தைந்து. கொக்கியக்காவின் கழுத்தில் வியர்வை வழிந்து முதுகில் இறங்கியது. இனி மீதி ஆறு. அதிலும் இல்லையென்றால்?

"ஸ்ஸ்," என்றாள் வக்கீலம்மா.

அவள் கட்டைவிரலில் ஒரு சிவப்புப் புள்ளி மொட்டுவிட்டது. சின்னக் கத்தரியால் இரண்டு தையலைப் பிரித்து, கேன்வாஸ் பட்டைக்குள்ளிருந்து அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கொக்கியக்கா ஒடிந்த ஊசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் பொருந்தின.

தம்பி அப்படியே நாற்காலியில் சரிந்தான். "அப்பாடா! அக்கா, தெய்வமே! கம்பியை எடுத்துடறேன், ஒரு நிமிஷம். புது ஊசி மாட்டு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம், அதான் கிடைச்சுடுச்சே."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கிடைத்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊசி பாக்கெட்டைத் தம்பியின் பெட்டியிலிருந்து எடுத்தாள். நேற்றுக் காலையில் அவள் கையால் பிரித்த பாக்கெட், பத்து ஊசி. பழைய ஊசியை முழுசாகக் கழற்றிவிட்டு ஒன்றை அவளே மாட்டினாள். அதுதான் இன்று ஒடிந்தது என்று நினைத்திருந்தாள். அப்படியானால் ஒன்பது இருக்க வேண்டும்.

எட்டு இருந்தது.

மறுபடி எண்ணினாள். எட்டுதான். அவள் விரல் நின்ற விதத்தைப் பார்த்து வக்கீலம்மாவும் எட்டிப் பார்த்து எண்ணினாள்.

"தம்பி," என்றாள் கொக்கியக்கா. "நடுவுல ஒரு ஊசி மாத்தினியா?"

அவன் கண் தாழ்ந்தது. "நேத்து. நீ சாப்பிடப் போனப்ப."

"ஒடஞ்சுதா?"

"இல்லக்கா. வளைஞ்சுது. அவ்வளவுதான். கழட்டிப் போட்டுட்டேன்."

"முனை இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"பாத்தியா?"

அவன் பாக்கெட்டை வாங்கி மறுபடி எண்ணத் தொடங்கினான்.

நேற்று இயந்திரம் தைத்தது தொண்ணூற்றாறு திரை. அவ்வளவும் இன்று காலை ஏழு மணி வண்டியில் போய்விட்டது. இந்நேரம் ஆஸ்பத்திரியில் இருக்கும். சிலதை மாட்டியும் இருப்பார்கள்.

ஒரு மணிக்கு இன்னும் நேரமிருந்தும் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முதலாளியின் சிரிப்பு முன்னால் வந்தது, பின்னால் பூதக்கண்ணாடி.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கமாக இல்லை, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து பிடிப்பானே, அப்படி. "அக்கா. வளைஞ்சதுதான். என்னை நம்பு. ரெண்டு வருஷம்கா."

அந்த இரண்டு வருடமும் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் கூடத்தில்தான் அவன் பழைய தையல் மெஷின்களைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் கை தைப்பதைப் படம் பிடித்துப் பிடித்துத்தான் இயந்திரத்தின் கைக்கு அசைவு சொல்லிக் கொடுத்தான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். வக்கீலம்மா அந்த ஊசிமுனையை அவள் கையில் வைத்து, "நீயே சொல்லு. நாங்க சொன்னா பொறாமைன்னுவாங்க," என்றாள்.

கொக்கியக்கா நேராகப் போய்ப் பரிசோதகர் முன்னால் கையை விரித்துக் காட்டினாள். ஒன்பது மணியிலிருந்து ஆரம்பித்து, செம்புக் கம்பி, எட்டு ஊசி, ஏழு மணி வண்டி என்று ஒன்று விடாமல் சொன்னாள். முதலாளியின் சிரிப்பு பாதியில் உறைந்தது. "ஏம்மா, எங்கிட்ட முதல்ல சொல்லக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார். பரிசோதகர் பூதக்கண்ணாடியை எடுக்கவே இல்லை. போனை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு திரை மாட்டியாகிவிட்டதாம். மீதி எண்பத்து நாலு கிடங்கில் இருந்தது. பரிசோதகரின் காரில் கொக்கியக்காவும் வக்கீலம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சிக்னலில் நின்றபோதெல்லாம் கொக்கியக்கா எட்டி விளக்கைப் பார்த்தாள். கடைசிக் கட்டிலில் ஒரு சின்னப் பிள்ளை திரையைப் பிடித்து இழுக்கிற மாதிரி, மடிப்பை வாயில் வைக்கிற மாதிரி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

வார்டில் நிஜமாகவே ஒரு பெண்குழந்தை திரைக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டு நின்றது. மூன்று வயது இருக்கும். கையில் கட்டு. கொக்கியக்கா மண்டியிட்டாள்.

"கண்ணு, வெளிய வாம்மா. அத்தைக்கு இந்தத் துணி வேணும்."

"தர மாட்டேன். இது என் வீடு."

"உன் வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும்மா. அடிச்சுட்டுத் திருப்பித் தரேன்."

குழந்தை யோசித்தது. பிறகு ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று சுழன்று வெளியே வந்தது. அவள் அதன் உள்ளங்கை, கன்னம், காதோரம் எல்லாம் பார்த்தாள். கீறல் இல்லை.

பன்னிரண்டையும் இறக்கி, கிடங்குத் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். நாலு பேர், தொண்ணூற்றாறு திரை. மூன்று மணிக்கு விரல் நுனி மரத்துப் போனது. வெந்நீரில் நனைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். இரவு எட்டரைக்கு எழுபதாவது திரை கையில் இருக்கும்போது போன் அடித்தது.

"அக்கா." தம்பி மூச்சிரைத்தான். "குப்பை மூட்டை மூணையும் கொட்டிட்டேன். நூல் சிக்குக்குள்ள மாட்டிட்டு இருந்துச்சு. வளைஞ்சிருக்கு. முனை இருக்குக்கா. முழுசா இருக்கு."

அவள் போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்தாள். அழுகை வந்தது, மற்றவர்கள் முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் பொய்யாகத் தும்மினாள். விஷயத்தைக் கேட்ட வக்கீலம்மா திரையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"முனை இருக்கட்டும். மீதி இருபத்தாறையும் பாத்துட்டே போவோம். நேத்து ஒண்ணுதான் மாத்தினேன்னு அவன்தானே சொல்றான்."

பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

இயந்திரம் நிறுத்தப்பட்டது. அந்த ஆர்டர் முழுவதையும் கையால் தைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார் பரிசோதகர். ஊசி ஒடிந்தால் நின்றே ஆக வேண்டும், யாரும் கம்பி போட முடியாதபடி பூட்டும் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு கூப்பிடுங்கள் என்றார். முதலாளி தம்பியைத் திட்டியதைவிடக் கொக்கியக்காவைத்தான் அதிகம் திட்டினார். அவள் பழைய பெஞ்சுக்குத் திரும்பினாள். முதல் நாள் நகர்ந்து இடம் மட்டும் விட்டார்கள்.

தம்பி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் காலை வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, வளைஞ்சதுதான்னு."

"சொன்னே. பாக்காம சொன்னே."

அவன் சுவரைப் பார்த்தான். கோபம் போகவில்லை என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. ஆனாலும் பையிலிருந்து உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினான். உள்ளே புது சென்சார், வெளியே பூட்டு.

"வேணும்னே ஊசியை ஒடிச்சுப் பாக்கணும். எந்த எடத்துல எப்படி ஒடியும்னு உனக்குத்தான் தெரியும். இருபது ஊசி வாங்கியிருக்கேன்."

அன்று விடுமுறை; பட்டறைக்குப் போய் மாலைவரை அக்காவும் தம்பியும் ஊசி ஒடித்தார்கள். பதினெட்டு முறை இயந்திரம் நின்றது. இரண்டு முறை நிற்கவில்லை.

"மாத்தணும்," என்றான் அவன், பெட்டியைத் திறந்தபடி.

"மாத்து," என்றாள் அவள். ஒடிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி, தாளில் ஒட்டத் தொடங்கினாள்.