ஏழாம் பெட்டியின் முறை

“அப்போ அது இன்னும் சாகலையா மோளே?”

“பெட்டி சாகல அச்சாயா.” சொல்லிவிட்டு நிமிஷா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெட்டி மட்டும்தான் என்று சொன்னது போல ஆகிவிட்டது.

நிவாரண முகாமிலிருந்து நடந்தே வந்த வறீது, சேறு காயாத வேட்டியோடு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் கொடுத்த பால் விடாத கட்டன் சாயா கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

மலைச்சரிவில் நட்ட பெட்டிகள் மண்ணின் ஈரத்தையும் அசைவையும் ஒன்றுக்கொன்று கைமாற்றிச் சொல்லி, தேவாலயத்தை ஒட்டிய இந்த அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். எந்தப் பெட்டி எப்போது பேசலாம், எது அதைக் கேட்க வேண்டும் என்ற முறையை எழுதியவள் நிமிஷா. மற்ற நேரமெல்லாம் அவை தூங்கும். வெயிலே எட்டிப் பார்க்காத கர்க்கடக மழை மாதத்தில் பாட்டரி தாங்க வேறு வழியில்லை.

“என் வீட்டுக்காரி த்ரேஸ்யா என்ன சொல்லுவா தெரியுமா? ‘உங்கள மாதிரியே ஒண்ணு நம்ம வேலியோரம் நிக்குது, சோத்து நேரத்துக்கு மட்டும் கண்ணு முழிக்குது’ன்னுவா.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

வேலியோரம் நின்றது ஏழாம் பெட்டி. சூரியத் தகட்டில் இலை மூடினால் பெட்டி பேசாது என்று நட்ட அன்று நிமிஷா சொல்லியிருந்தாள். மலை இளகி அபாயச் சங்கு ஊதியபோது எல்லோரும் கீழே ஓடினார்கள். தகடு மூடிக்கொண்டால் சங்கு பாதியில் நின்றுவிடும், கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்காது என்று பயந்து, த்ரேஸ்யா முந்தானையால் தகட்டைத் துடைக்க வேலிப் பக்கம் போனாள். சங்குக்கும் தகட்டுக்கும் அப்போது ஒரு தொடர்பும் இல்லை. அது அவளுக்குத் தெரியாது. சரிந்த மண் அவளையும் வேலியையும் சேர்த்து மூடியது.

தோண்டியவர்கள் அவளைக் காணாமல் ஓய்ந்து திரும்பிவிட்டார்கள். ஏழு மட்டும் சேற்றுக்குள்ளிருந்து அரைகுறையாகப் பேசுகிறது. அதன் கடிகாரம் பிசகிவிட்டது. எப்போது பேசும் என்று தெரியாததால், அதைக் கேட்க வேண்டிய எட்டாம் பெட்டி முன்னதாகவே விழித்து, நெடுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறது. பேசுவதைவிட இப்படிக் காத்துக் கிடப்பதில்தான் பாட்டரி கரைகிறது.

போன் அடித்தது. அவளோடு பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பிஜோய்.

“ஏழோட முறைய பட்டியல்லேந்து எடுத்தாச்சா இல்லையாடீ? எட்டு செத்தா மேல இருக்குற எதோட பேச்சும் கீழ வராது. மறுபடி பெருமழைன்னு சொல்றாங்க. கீழ காலனில குழந்தைங்க இருக்கு.”

“எடுக்கிறேன்.”

வறீதுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“எடுத்துட்டா அது என்ன பண்ணும்?”

“கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பாக்கும். யாரும் பதில் சொல்லலைன்னா...” நிமிஷா திரையைப் பார்த்தபடியே சொன்னாள், “ஆழமா தூங்கிடும்.”

“அது எங்க கெடக்குன்னு கண்டுபிடிக்க முடியாதா? அவளும் அது பக்கத்துலதானே இருப்பா.”

“இங்க உக்காந்து முடியாது அச்சாயா. பெட்டி பேசுறதக் கேக்குற கருவிய எடுத்துக்கிட்டு சரிவுல ஏறணும். ஏற யாரையும் விடமாட்டாங்க.”

வறீது சாயாவைக் கீழே வைத்தார். எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெளியே மழை மறுபடி தொடங்கியிருந்தது.

“நான் யாரையும் கேக்கப் போறதில்ல. அந்தக் கருவியக் குடு மோளே. நான் ஏறி எறங்குற வரைக்கும் எட்டாம் பெட்டிய மட்டும் தூங்க விடாம வெச்சிரு, ஏழு பேசிக்கிட்டே இருக்கட்டும்.”