வலது பக்கத்து முத்திரை

பல் டாக்டருக்குப் புகைப் பழக்கம் கிடையாது. ஆனால் அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நூற்றுப் பதினான்கு பைப்புகள் இருந்தன. எல்லாம் இங்கிலாந்தில் பிரையர் மரத்தின் வேர்முடிச்சில் கடைந்தெடுத்த பழைய புகைக்குழாய்கள்.

"உயிரோட இருக்கறவங்க வாய்நாத்தம் பத்தாதுன்னு, செத்தவங்க வாய்நாத்தத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்துடுறாரு" என்பாள் அவர் மனைவி, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும்.

அந்த வியாழக்கிழமை, காலி செய்த ஒரு வீட்டிலிருந்து வாங்கிய பெட்டியில், கரிப்பிசின் அப்பிய பைப் ஒன்று கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு கிளினிக்கின் பின்னறைக்குப் போனார். அங்கேதான் அவர் மைத்துனன் பல்செட் செய்கிறான். பல்செட்டுக்கு மெருகு போடும் சக்கரத்தில்தான் டாக்டர் தன் பைப்புகளுக்கும் மெருகு போடுவார்.

பைப் சேகரிப்பவர்களுக்கு ஒரே ஒரு பயம்தான். புகையிலை வைக்கும் கிண்ணத்திலிருந்து நீளும் தண்டில், செய்தவரின் பெயர் முத்திரையாக அடிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தில் கொஞ்சம் அழுந்தினாலும் பெயர் போய்விடும். பெயர் போனால் பைப் அநாதை. அதனால் தண்டின் இடது பக்கத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் சக்கரத்தை ஓட்டுவார்கள். பெயர் இருப்பது இடது பக்கத்தில். வலது பக்கத்தில் பெரும்பாலும் நாட்டின் பெயர்தான். அது மங்கினால் யாரும் அழப்போவதில்லை.

டாக்டரும் வழக்கம்போல இடது பக்கத்தில் டேப் ஒட்டினார். சக்கரம் சுழன்றது. பிசின் கழன்று, செந்தேன் நிறத்தில் மரத்தின் ரேகைகள் வெளியே வந்தன. திருப்தியோடு டேப்பை உரித்து, ஈரப் பஞ்சால் துடைத்தார். இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

பைப்பைத் திருப்பி, லென்ஸை எடுத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தார். வலது பக்கத்தில் முதல் எழுத்தின் ஒரு கோடும், கடைசி எழுத்தின் வளைந்த வாலும் மட்டும் மிச்சமிருந்தன. அந்த வாலை அவருக்குத் தெரியும். பைப் முத்திரைகளைப் பற்றிய புத்தகத்தில் எத்தனை முறை பார்த்திருப்பார்!

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"என்ன மாமா, பிரஷரா?" என்றான் மைத்துனன்.

"இடக்கைக்காரர்டா."

ஒன்பதே வருடம் பட்டறை நடத்தியவர் அவர். இடது கைக்காரர் என்பதால் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் அது. அவர் கையால் ஆனவை உலகத்தில் மூன்றுதான் கிடைத்திருக்கின்றன. டாக்டர் பத்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். புத்தகத்தில் முத்திரையை மட்டும் பெரிதாக்கிப் போட்டிருந்தார்களே தவிர, எந்தப் பக்கம் என்று போடவில்லை.

"இடது கைக்காரர் பைப்பைத் திருப்பிப் பிடிச்சுத்தானே அடிப்பாரு? இது கூடத் தோணல எனக்கு! மூணு நிமிஷத்துல அழிச்சுட்டேன்டா."

மைத்துனன் யோசித்தான். "புஸ்தகத்துல அளவு இருக்குல்ல? நான் உலோகத்துல முத்திரை வார்த்துத் தர்றேன். கடைவாய்ப் பல்லுக்கே குழி குழியா வார்க்கிறவன். திரும்ப அடிச்சுடுங்க. பொய் ஒண்ணும் இல்லையே, அவர் செஞ்சதுதானே?"

டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிறு காலை பைப் சேகரிப்பாளர் குழுவின் கூட்டம். வருடத்துக்கு ஒரு முறை அச்சாகும் பட்டியலை அன்றுதான் முடிக்கிறார்கள். அதில் ஏறினால் நான்காவது பைப் என்று உலகமே ஒப்புக்கொள்ளும். முத்திரை படிக்க முடியாததைச் 'செய்தவர் தெரியவில்லை' என்றுதான் போட வேண்டும். அந்த விதியை எழுதியவரே டாக்டர்தான்.

சனிக்கிழமை முத்திரை தயாரானது. உடைந்த பழைய பைப் ஒன்றில் அடித்துப் பார்த்தார்கள். அச்சு அசலாக விழுந்தது.

"எப்படி!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான் மைத்துனன். "ம், அடிங்க மாமா."

டாக்டர் நல்ல பைப்பை மணல்பையில் கிடத்தினார். முத்திரையை அந்தக் கோட்டின் மேல் பொருத்தினார். சுத்தியலைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"இது விழுந்தா அந்த வால் நசுங்கிடும்ல?"

"அதே இடத்துல அதே வால் வந்துடுமே."

"அது நீ செஞ்ச வால்டா. அவர் அடிச்சதுல மிச்சம் இருக்கறதே இந்த ரெண்டு கீறல்தான். அதையும் நானே அழிக்கணுமா?"

"ரெண்டு நாள் ராப்பகலா உழைச்சிருக்கேன்!"

"தெரியுது மாப்ளே. கோவிச்சுக்காத." சுத்தியலைக் கீழே வைத்தார்.

ஞாயிறு காலை, ஓய்வுபெற்ற சர்வேயர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழுவின் தலைவர் சர்வேயர்தான். டாக்டர் பைப்பை வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வார்த்த முத்திரையைப் பற்றியும் சொன்னார்.

"அடப்பாவமே! பல்லு பிடுங்கச் சொன்னா தாடையையே பிடுங்கிட்டீங்களே" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரிக்க முயன்றார்.

சர்வேயர் சிரிக்கவில்லை. விளக்கைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "அவர் செஞ்சது ஒண்ணை நான் நேர்லயே பார்த்திருக்கேன். அதுலயும் வலது பக்கம்தான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சு நான் சொல்லல." லென்ஸைக் கீழே வைத்தார். "எனக்கு இது அவர்தான்னு தோணுது டாக்டர். ஆனா ரெண்டு கோட்டை வெச்சு நான் பேர் குடுக்க முடியாது."

"குடுக்காதீங்க."

'செய்தவர் தெரியவில்லை' என்று எழுதினார் சர்வேயர். குறிப்புக் கட்டத்தில், முத்திரை வலது பக்கம் இருந்தது என்பதையும், மிஞ்சிய இரண்டு கோடுகளின் அளவையும் எழுதினார். பிறகு தயங்கினார். "எப்படி அழிஞ்சதுன்னு போடணும். இல்லேன்னா பின்னால பார்க்கறவன், தேஞ்சு தேஞ்சு போனதுன்னு நினைப்பான். உரிமையாளர் மெருகிட்டதால்னு போட்டுக்கறேன். உங்க பேர் வேணாம். ஊரெல்லாம் படிக்கிற பட்டியல்."

டாக்டர் மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"நாளைக்கு இது வேற ஒருத்தர் கைக்குப் போகும். உரிமையாளர்னு போட்டா பழி அவர் தலையில விழும். என் பேரையே போடுங்க."

சர்வேயர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை மறுபடி தாளில் வைத்தார்.

"இனிஷியல்?"

டாக்டர் சொன்னார்.