ஈயை அழிச்சாச்சா?

வியாபாரம் படுத்தால் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார்கள். இந்தக் கல்யாண வீடியோ கடையிலோ வியாபாரம் நடந்தால்தான் ஈக்கு வேலை. கேமரா கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் அது 'ஈ' டிரைவ் என்று வந்து உட்காரும். படங்களை, கழற்றி மாட்டுகிற ஹார்ட் டிஸ்குக்கு மாற்றியதும், "ஈயை அழிச்சாச்சா?" என்பார் படம் பிடிக்கிற புருஷன். "அழிச்சாச்சு" என்பாள், வெட்டி ஒட்டுகிற பெண்டாட்டி. போகப் போகக் கார்டுக்கு ஈ என்பதே பேராகிப்போனது.

அன்று காலை அவள் டிஸ்கைத்தான் முதலில் செருகினாள். போன மாதம் கல்யாணமான பெண் போனில் அழுதிருந்தாள்.

"அக்கா, அப்பாவுக்குத் தொண்டையில ஆபரேஷன். இனிமே பேச்சு வராதுன்னுட்டாங்க. நீங்க குடுத்த வீடியோ முழுக்கப் பாட்டா இருக்கு, அப்பா குரலே இல்ல. வெட்டினதுல எங்கயாவது இருக்குமா?"

பாட்டைப் போட்டு அந்த மனுஷன் குரலை வெட்டி எறிந்த புண்ணியவதியே இவள்தானே! வெட்டாத படம் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது.

தேட ஆரம்பிப்பதற்குள் வெளியே வேலைக்குப் போயிருந்த புருஷன் போனில் பறந்தார். "கார்டு பத்தலை. அங்க இருக்கிற ஈயை அழிச்சுக் குடுத்தனுப்பு!"

கார்டைச் செருகி, பழக்கத்தில் ஈ என்றிருந்ததை அழிக்கச் சொன்னாள். ஈயை அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசிக்காமல் ஆமாம் என்றாள். கழற்றப் போகும்போதுதான் கண்ணில் பட்டது: கார்டு 'எஃப்' என்ற பேரில், வயிறு நிறையப் படங்களோடு அப்படியே இருந்தது. கார்டாவது டிஸ்காவது, கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? பந்திக்கு முந்தியது எதுவோ அதுதான் அன்றைக்கு ஈ.

"ஏங்க, டிஸ்கை அழிச்சிட்டேங்க."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஈ ஈன்னு பழக்கினதே நான்தான்" என்றார் அவர். "அதுல எதையும் எழுதிடாத. பேரைத்தான் அழிச்சிருக்கும், சரக்கு உள்ளதான் கிடக்கும். மீட்கிற சாஃப்ட்வேரை ஓட விடு. நான் இங்க யார்கிட்டயாவது கார்டு கேட்டுக்கிறேன்."

ஓட விட்டாள். சாயங்காலத்துக்குள் படங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஆனால் ஒன்றுக்கும் பேரில்லை, வெறும் நம்பர். பல கல்யாணங்கள் ஒரே குவியலாகக் கிடந்தன. எல்லாம் வந்ததா என்றும் சொல்ல முடியாது. பாதியைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை, அதற்குள் பெண்ணும் அப்பாவும் வந்துவிட்டார்கள். அப்பா கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார்.

"தப்பு பண்ணிட்டேன்மா" என்று நடந்ததைச் சொன்னாள். பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. அப்பா மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, போடு என்று கை காட்டினார்.

யார் யாரோ சிரித்தார்கள், யார் யாரோ சாப்பிட்டார்கள். வெறும் பூ அலங்காரம் மட்டும் தெரிந்த ஒரு படத்தை, வேண்டாத துண்டு என்று அவள் தள்ளப் போனாள். அப்பா மேஜையைத் தட்டினார். படத்தில் ஆள் இல்லை, பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் மட்டும் வந்தது.

"யாருய்யா அது, வழியை மறிச்சுக் காரை நிறுத்தினது? மாப்பிள்ளை என்ன பறந்தா வருவாரு? எடுங்கய்யா வண்டியை!"

"அப்பா!" என்று கத்தினாள் பெண். சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. "ஆசீர்வாதம் பண்றது கிடைக்கும்னு வந்தா, வையறதுதான் கிடைச்சிருக்கு! இன்னொரு தடவை போடுங்கக்கா."

போட்டாள். இந்த முறை பெண் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் அப்பாவின் உதடுகள், சத்தமில்லாமல், ஒரு வார்த்தை பிசகாமல் அந்தக் கார்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தன.