இரும்பு வாசல்

எங்கள் 'இரும்பு வாசல்' ஆல்பம் வெளிவந்து பத்து வருடமாகிறது. தமிழ் ராக்கில் அது கிளாசிக்காம். எழுதுகிறார்கள், எழுதட்டும். பாடிய மணிமாறன் வேலையிடத்து விபத்தில் செத்ததும் அதன் புகழுக்கு உதவியது. எங்கே பதிவு செய்தோம் என்று மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான் பாலமுரளி, கிட்டார். அப்போது அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சேஃப்டி இன்ஸ்பெக்டர். மணிமாறன் அங்கே வெல்டர். ஸ்டுடியோவுக்கு வசதியில்லை. வெள்ளிக்கிழமை லீவில், ரிப்பேருக்காகக் கழுவிவைத்திருந்த எண்ணெய் டேங்குக்குள் அவனைப் பாடவைத்தேன். அந்த எதிரொலி எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது. உள்ளே போக அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டவனும் நானே.

டேங்க் வாசலில் காவல் ராக்கப்பன், மணிமாறனின் ஊர்க்காரர். உள்ளே காற்று கெட்டால் அவர் கையிலிருக்கும் மீட்டர் கத்தும். உடனே அவர் ஸ்பானரால் இரும்புச் சுவரில் மூன்று மூன்றாகத் தட்டுவார். கேட்டதும் வெளியே ஓடிவர வேண்டும்.

கடைசிப் பாட்டில் தட்டினார். ஹெட்போனில் அது தாளத்தோடு அத்தனை அழகாக ஒட்டியது. காற்று குறையும்போது மண்டைக்குள் ஒரு சுகம் ஏறும். மனுஷன் பாட்டில் இறங்கிவிட்டார் என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த சிக்னலை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த இன்ஸ்பெக்டர்!

குழாயில் வெல்டிங் வாயு கசிந்திருந்தது, அதற்கு வாசனை கிடையாது. உள்ளே வாசலோரம் இருந்த என்னை ராக்கப்பன் வெளியே இழுத்துப் போட்டார். நடுவில் நின்ற மணிமாறனை அவரால் எட்ட முடியவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பதிவு இருந்த லேப்டாப்பை நான் கார் டிக்கியில் ஒளித்துவைத்தேன்.

விசாரணையில், அவர் தட்டினாரா என்று கேட்டார்கள். பதிவு வெளியே வந்தால் எனக்கு ஜெயில். "எனக்குக் கேக்கலை," என்றேன். கலாஸ், அதோடு முடிந்தது. பாட்டு விஷயத்தை என்னை நினைத்து ராக்கப்பன் கடைசிவரை சொல்லவில்லை. தட்டாதவர் என்று எழுதி, விசாவை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பினார்கள்.

பதிவை அழிக்க மனசு வரவில்லை. மணிமாறன் வேறெந்த நாளும் அப்படிப் பாடியதில்லை.

இன்று துபாயில் பத்தாம் ஆண்டு நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் நின்றபோது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"சார், ராக்கப்பன் பேசுறேன். எம்மக நாகஜோதி போன்ல உங்க பாட்டு ஓடுச்சு. அதுல கேக்குறது நான் தட்டுனதுதானே சார்? மணிமாறன் அம்மா சரோஜா பத்து வருசமா என்னையப் பாத்தாலே மண்ணை வாரித் தூத்துது. ராக்கப்பன் தட்டுனான்னு அதுகிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் சார்."

"இல்ல ராக்கப்பன். அது கம்ப்யூட்டர்ல போட்ட தாளம்," என்று பேசி அனுப்பினேன். குரல் நடுங்கவேயில்லை.

கடைசிப் பாட்டில் மணிமாறனின் குரல் ஸ்பீக்கரில் எழுந்தது. அந்தத் தட்டல் வரும் இடம் வந்ததும் பத்தாயிரம் பேர் எழுந்து மூன்று மூன்றாகக் கைதட்டினார்கள். இந்தமுறை எனக்கு நன்றாகவே கேட்டது.

இறங்கி வந்து போனைப் பார்த்தேன். பதில் வந்திருந்தது.

"சரிங்க சார். அப்ப நான் தட்டாமத்தான் விட்டுட்டேன் போல."