கெந்தேயாஸின் கல்லறை

ரோமச் சிப்பாய்கள் பிணத்தைக் கழுதையிலிருந்து இறக்கி நேனிஸின் வாசலில் போட்டார்கள். பாறையிலிருந்து விழுந்த உடல். முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. மேலங்கி மட்டும் அப்படியே இருந்தது. கரையில் சிவப்புக் கம்பளி வைத்து அவள் அண்ணனுக்காக நெய்தது.

அண்ணன் கெந்தேயாஸ் வழிப்பறிக்காரன். இசௌரியா மலைநாட்டுக் கணவாயில் அவனுக்குப் பயப்படாத வணிகன் இல்லை.

சிப்பாய்களின் தலைவனுக்கு மலைப்பேச்சு தெரியாது. சமவெளியில் பிறந்த ஒரு சிப்பாய்தான் கேட்டான்.

"உங்க அண்ணன்தானேம்மா? நல்லாப் பாத்துச் சொல்லு."

நேனிஸ் பிணத்தின் கால்களைப் பார்த்தாள். கெந்தேயாஸ் சின்ன வயதில் அடுப்புத் தணலை மிதித்தவன். இடது குதிகாலில் தழும்பு உண்டு. இந்தக் காலில் இல்லை.

இல்லை என்று சொன்னால் தேடுவார்கள். புதுப் பனி விழுந்திருந்தது. எந்தக் குகையில் ஒளிந்தாலும் காலடித் தடம் காட்டிக்கொடுத்துவிடும்.

"அண்ணன்தான்."

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியக் காணோமே?"

"அவன் திருடப் போன அன்னைக்கே அழுது முடிச்சாச்சு."

சிப்பாய் சிரித்தான். சுவரில் மாட்டியிருந்த ஆட்டுரோமக் கத்தரியை எடுத்து நீட்டினான். "எங்க அம்மாவும் மலைக்காரிதான். எங்கிட்ட நடக்காது. உன் முடிய வெட்டு."

உயிரோடு இருப்பவனுக்காக எந்த மலைக்காரியும் முடி வெட்டமாட்டாள். வெட்டிவிட்டால் அவன் செத்தவன். திரும்பி வந்தாலும் வாசலைத் தாண்டக்கூடாது. அவன் பெயரை வீட்டார் வாயில் எடுக்கக்கூடாது.

நேனிஸ் பின்னலை அடியோடு வெட்டிப் பிணத்தின் மார்பில் வைத்தாள்.

சமவெளிக்காரன் தலைவனைப் பார்த்துத் தலையசைத்தான். கொள்ளைக்காரனுக்குச் சோறு போட்ட குற்றத்துக்காக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். வீட்டை எரிக்கவில்லை.

அவள் பிணத்தைச் சரிவில் புதைத்தாள். தினமும் அங்கே ஒரு பார்லி அப்பம் வைத்தாள். நரி தின்றது.

பனி உருகியபின் ஒரு நண்பகலில் கெந்தேயாஸ் வந்தான்.

"நேனிஸ், கதவத் தொற."

அவள் வாசலை மறித்து நின்றாள்.

"என்னடி, கொழுப்பா? பசி உயிர் போகுது."

அவள் முக்காட்டை விலக்கினாள். முடி காதைக்கூட எட்டவில்லை.

"எனக்கா?"

"செத்தவங்களுக்கு அப்பம் அங்க வெச்சிருக்கு," என்று சரிவைக் காட்டினாள். "தினமும் வெப்பேன்."

"குழிக்குள்ள யாரு?"

"உன் மேலங்கியப் போட்டிருந்தவன்."

"குளிருதுன்னான்," என்றான் கெந்தேயாஸ். "கழட்டிக் குடுத்தேன்."

அவன் சரிவில் இறங்கிப் போனான். நேனிஸ் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் புது அப்பத்தோடு அவள் கல்லறைக்குப் போனபோது, பழைய அப்பத்தில் பாதி இருந்தது. நரி கடித்ததல்ல. கையால் பிட்டு வைத்த பாதி.