மண்டையோட்டுக்கு ஒரு முத்தம்

பழைய எலும்புகளிலிருந்து மரபணு எடுக்கும் அந்தச் சோபியா நகரத்து ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே கால் வைப்பவர் எவரானாலும் முதலில் ஒரு குப்பியில் எச்சில் துப்பிவிட்டுத்தான் போகவேண்டும். நாளைக்கு எலும்பில் யாருடைய மரபணுவாவது ஒட்டிக்கொண்டால் ஆளைப் பிடிக்க வேண்டாமா! தரை துடைக்கும் அம்மாள்கூடத் துப்பியிருக்கிறாள். துப்பாத ஒரே ஆள் பேராசிரியர் பெனெவ். "நான் எலும்பைத் தொடறதே இல்லை, எதுக்குத் துப்பணும்?" என்பார். பூனைக்கு மணி கட்டுவது யார்?

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு மாடாய் உழைத்தவள் தெமெனுகா. பழங்கால த்ரேசிய நாட்டு மன்னன் ஒருவனின் மண்டையோட்டிலிருந்து எடுத்த மரபணுவை நம்பித்தான் அவள் ஆய்வேடே நின்றது. அதுவோ அநியாயத்துக்குச் சுத்தமாக வந்திருந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடந்தது துண்டு துண்டாக அல்லவா வரவேண்டும்? இது இன்றைய ஆள் எவருடையதோ என்று அவளுக்குச் சந்தேகம். எல்லாருடைய எச்சிலோடும் ஒப்பிட்டாள்; யாரோடும் பொருந்தவில்லை.

"அடியே, இதைப் பாரு," என்று சக மாணவன் ஒக்னியன் அகழாய்வுப் படம் ஒன்றை நீட்டினான். கையுறைகூட இல்லாமல் மண்டையோட்டை ஏந்தி, அதன் நெற்றியில் நச்சென்று முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார் பெனெவ்.

"நாசமாப் போச்சு! மனுஷன் பெண்டாட்டிக்குக்கூட இப்படிக் கொடுத்திருக்க மாட்டாரு," என்றாள் தெமெனுகா.

மறுநாள் அவர் பனிட்சா என்கிற பலகாரத்தைத் தின்று, காபி குடித்துவிட்டுப் போட்ட காகிதக் கோப்பையைச் சுருட்டிக்கொண்டு வந்து சோதித்தாள். அச்சு அசல் அதே மரபணு.

வெள்ளிக்கிழமை மன்னனின் மரபணுவை அறிவிக்கத் தொலைக்காட்சிக்காரர்களை அழைத்திருந்தார் பெனெவ். சொன்னால் வழிகாட்டியின் பகை. சொல்லாவிட்டால் ஆய்வேடே பொய். வருவது வரட்டும் என்று அவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

பெனெவ் மீசையைத் தடவினார். "அப்படீன்னா நான் ராஜா பரம்பரை! எங்க அப்பா அப்பவே சொன்னாரு."

"பரம்பரைன்னா ஏதோ துளிதான் பொருந்தும், புரொபசர். இது முழுசாப் பொருந்துது. ஒண்ணு நீங்களே அந்த ராஜாவா இருக்கணும். இல்லேன்னா அது நீங்க குடுத்த முத்தம்."

அவர் முகம் சிவந்தது. "என் மரபணு உனக்கு ஏது?"

"உங்க காபிக் கோப்பையில..."

"என்னைக் கேக்காமலா? திருட்டுக் கழுதை! ஒழுங்குக் குழுவுக்கு இப்பவே எழுதறேன். உன் பட்டம் அம்பேல்!" அவர் பேனாவை எடுத்தார்.

ஆனாலும் தெமெனுகாவின் வாய் சும்மா இருக்குமா?

"எழுதுங்க, புரொபசர். கேக்காம எடுத்தது தப்புதான், ஒத்துக்கறேன். எதோட ஒப்பிட்டுப் பாக்க எடுத்தேன்னு குழு கேக்கும். அதையும் உங்க கையாலயே எழுதிடுங்க."

பேனா காகிதத்துக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மேசைக்கு இறங்கியது.

"அந்த மண்டையோட்டுப் பல்லைத் துளைச்சு உள்ளேர்ந்து புதுசா எடு," என்றார் பெனெவ், அவளைப் பார்க்காமல். "ஆய்வேட்டுக்கு இன்னும் ஒரு வருஷம் வாங்கித் தர்றேன். போ."

அவள் கதவருகே போவதற்குள் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரவேணாம்ப்பா," என்றார். "மன்னருக்கு உடம்பு சரியில்லை."