பக்கத்து சீட்

என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. கட்டில், மேசை, அலமாரி எல்லாம் செய்வார். ஆனாலும் கதவு என்றால்தான் அவருக்கு உயிர். அவர் மாட்டிய கதவைச் சாத்தினால் சத்தமே வராது, தானாகப் போய் நிலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட மனிதர் எங்கள் பிக்கப் வண்டிக் கதவின் உட்பலகையை ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அளவு தப்பி வெட்டினார். நானும் அதை நம்பினேன். என்னைச் சொல்ல வேண்டும்.

என் தொழில் தையல். ஜன்னல் திரை, சோபா உறை, மெத்தை உறை. முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறேன். தைப்பது பாதி வேலைதான், கொண்டுபோய் மாட்டிக் கொடுப்பது மீதிப் பாதி. அதற்கு வண்டி வேண்டும், வண்டிக்கு அவர் வேண்டும். அவர் பட்டறையிலிருந்து வந்து, கைகால் கழுவி, டீயை ஆற அமரக் குடித்து எழுந்திருக்கும்வரை, நான் திரைச் சுருள்களை அணைத்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருப்பேன். இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் வண்டி ஓட்டப் பழகினேன். முதல் தடவையிலேயே லைசென்ஸ். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், போட்டோ லட்சணமாக இருக்கிறது என்றார். எல்லாம் சொன்னார், சாவியைத்தான் கொடுக்கவில்லை.

"உள்ள பாரு, எப்படிக் கிடக்குன்னு. கூரைத் துணி தலையில தொங்குது. கதவு ஓரமெல்லாம் தகரம் கிழிக்குது. நீ ஓட்டுற வண்டி இப்படியா இருக்கணும்? உள் வேலைய மட்டும் முடிச்சிடுறேன். அப்புறம் நீ ராணி மாதிரி ஓட்டிட்டுப் போ."

கேட்கக் காது குளிர்ந்தது. பொய்யும் இல்லை. அந்த வண்டிக்குள் ஏறி இறங்கினால் மேலெல்லாம் பழைய பஞ்சு உதிரும். சரி, ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கொல்லையில் வண்டியை நிறுத்தி, கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். ஓட்டுகிற பக்கத்திலிருந்துதான் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல உன் பக்கத்த முடிச்சிடலாம்."

"என் பக்கம் இனிமே அது இல்லீங்க."

காதில் விழாத மாதிரி ஸ்பேனரைத் தேடினார். ஸ்பேனர் கையில்தான் இருந்தது.

பக்கத்து சீட்டுக்கு அவர் செய்த சீர்வரிசை கொஞ்சநஞ்சமல்ல. கை வைக்கச் சீட்டோடு சேர்த்து வழுவழுவென்று மரக்கட்டை, டம்ளர் ஆடாமல் நிற்க ஒரு குழி, பை மாட்ட ஒரு கொக்கி, டேஷ்போர்டுக்குக் கீழே என் கத்திரிக்கோலும் அளவு நாடாவும் வைக்கக் குட்டி இழுப்பறை. அந்த இழுப்பறையை ஒற்றை விரலால் தள்ளினால் போதும், மூடிக்கொள்ளும். அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "என் தம்பி உனக்கு வண்டிக்குள்ளயே குடித்தனம் வச்சிடுவான் போலிருக்கே" என்றார். எனக்கும் பிடித்திருந்தது, அதுதான் கொடுமை. பிடிக்கவில்லை என்றால் சண்டை போட்டிருக்கலாம்.

பிறகு வந்தது கதவுப் பலகை. பிளைவுட்டை வெட்டி, மேலே மெல்லிய ஃபோம் ஒட்டி, அதன்மேல் ரெக்சின் இழுத்துப் போர்த்த வேண்டும். வெட்டும்போதே சொன்னேன். "சுத்தி வர துணிக்குக் கொஞ்சம் விட்டு வெட்டுங்க. ஃபோமும் ரெக்சினும் ஏறினா பலகை பெருசாயிடும்."

"மரத்துல அளவுன்னா அளவுதான். விட்டு வெட்டுறதெல்லாம் உன் தையல்ல."

அளவு பிசகாமல் வெட்டினார். ரெக்சின் போர்த்தியதும் பலகை சாப்பிட்டு எழுந்த மாப்பிள்ளை மாதிரி உப்பிவிட்டது. கதவு சாத்தவில்லை. டேஷ்போர்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த ஞாயிறு இரண்டாவது பலகை வெட்டினார். இந்தத் தடவை சின்னதாகப் போய்விட்டது, சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. "விடுங்க, எல்லாருக்கும் கை தவறும்" என்று தேற்றி, டீ போட்டுக் கொடுத்தேன். ஏலக்காய் வேறு தட்டிப் போட்டேன்.

அப்புறம் பக்கத்து சீட்டில் ஸ்பிரிங் முனகுகிறது என்று அதைக் கழற்றி முன்னறைக்குக் கொண்டுவந்தார். உறையை உரித்ததோடு சரி, மஞ்சள் ஃபோமோடு அது அங்கேயே தங்கிவிட்டது. நாத்தனார் வந்தால் அதில்தான் உட்காருவார். பிறகு கூரைப் பலகையையும் இறக்கினார். வண்டிக்குள் ஓட்டுகிற சீட்டும் ஸ்டியரிங்கும் தவிர எல்லாம் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. நான் சாவி கேட்கும்போதெல்லாம், "இந்த நிலைமைல எப்படி?" என்று கையை விரிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் பல் டாக்டரம்மா வேலை வந்தது. புதுசாக ஆஸ்பத்திரி திறக்கிறார். ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் திரை. நாளைக் காலையில் திறப்பு, இன்று மதியம் மாட்டியாக வேண்டும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், தலையையும் ஆட்டியிருந்தார். திரைகளை இஸ்திரி போட்டு மடித்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்தால், இரண்டு முக்காலிமேல் கூரைப் பலகையைக் கிடத்தி, முழங்கைவரை பசையோடு நிற்கிறார்.

"இப்பப் போய் இத ஆரம்பிச்சீங்களா?"

"சின்ன வேலைதான். பலகையிலயும் பூசியாச்சு, துணியிலயும் பூசியாச்சு. கொஞ்சம் காஞ்சதும் ஒரே இழுப்புல ஒட்டிடணும். விட்டா ரெண்டும் வீண்."

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் போன். ஆட்கள் வேலையை முடித்துக் கிளம்புகிறார்கள், கதவைப் பூட்டிவிட்டுத் தானும் போக வேண்டும், உடனே வர முடியுமா, முடியாவிட்டால் வேறு யாரையாவது பார்க்கட்டுமா என்றார். "இதோ கிளம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வண்டியைப் பார்த்தேன். ஓட்டுகிற சீட் இருக்கிறது. ஸ்டியரிங் இருக்கிறது. ஓட்டுவதற்கு வேறென்ன வேண்டும்?

"சாவி எங்க?"

"பாக்கெட்ல" என்றார், யோசிக்காமல். சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டார்.

பக்கத்தில் போனேன். இரண்டு கையும் பசை, சட்டையைத் தொட முடியாது. அகட்டிய கைகளோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"கூரைத் துணி இல்ல. தகரம் கொதிக்கும்."

"என் தலைதானே, கொதிக்கட்டும்."

"கதவுப் பலகை இல்ல."

"கதவு இருக்குல்ல?"

"பக்கத்து சீட் இல்லியே."

"அதுல நான் உக்காரப் போறதில்லயே."

அகட்டியிருந்த கைகளைத் தாழ்த்தினார். பிறகு சின்னக் குரலில் கேட்டார். "அப்ப நான் எங்க உக்கார்றது?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பொட்டில் அடித்தது. ஊரில் அத்தனை வீட்டுக் கதவும் சத்தமில்லாமல் சாத்தும்படி செய்கிற தச்சன், ஒரே பலகையை இரண்டு தடவை தப்பாக வெட்டுவானா?

"ஏங்க, அந்த ரெண்டாவது பலகை..."

அவர் பசையைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். "மொதல் தடவை நெசமாவே தப்பு. துணிய மறந்துட்டேன்."

"ரெண்டாவது?"

"வேணும்னுதான்."

ஏலக்காய் டீ நினைவுக்கு வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்?"

"நாள் பூரா மரத்தோட மல்லுக்கட்டுறேன். பட்டறையில பேச ஆள் கிடையாது. சாயங்காலம் உன்னைக் கூட்டிட்டுப் போகணும், நீ ஏணி மேல நிப்ப, நான் கம்பியோட இந்த முனையப் பிடிக்கணும், வர்ற வழியில நீ அந்த வீட்டுக்காரங்களப் பத்தி வம்பு பேசிட்டே வருவ... அதுக்காகத்தான் வேலைய முடிச்சிட்டு ஓடி வர்றேன். நீயே ஓட்டிட்டுப் போயிட்டா என்னை எதுக்குக் கூப்பிடப் போற?"

எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் நிறைந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை.

"இத வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? எனக்கு மட்டும் உங்ககூட வர்றது கசக்குதா? ஆனா என்னைக் கட்டிப்போட்டுத்தான் என்கூட இருக்கணுமா?"

தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் இந்தத் தடவை பின்னால் நகரவில்லை. அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

"மொதல் கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும்" என்றார். "கோவிச்சுக்காம தள்ளு."

வண்டியையா தன்னையா என்று கேட்க நிற்கவில்லை. திரைகளைப் பக்கத்து சீட் இருந்த இடத்தில் வைத்துக் கட்டிவிட்டுக் கிளம்பினேன். முதல் கியர் முரண்டு பண்ணத்தான் செய்தது. தெருமுனையில் ஒரு தடவை அணைந்து நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஊரைக் கூட்டுகிற மாதிரி ஹாரன் அடித்தான், நானும் பதிலுக்கு அடித்தேன், கையில் சாவி இருக்கும்போது என்ன குறை? துணியில்லாத தகரம் கடகடவென்று பேசிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் நான் ஓரமாக உட்கார்ந்து பார்த்த அதே ரோடுதான். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அகலமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், தனியாக.

ஆஸ்பத்திரியில் இருந்த ஏணியில் நான் ஏற, டாக்டரம்மாவே கம்பியின் மறு முனையைப் பிடித்தார். பிடித்தார் என்றா சொல்வது, பல்லைப் பிடுங்குகிற மாதிரி தன் பக்கம் இழுத்தார். "கொக்கி" என்றால் நாடாவை நீட்டினார், "நாடா" என்றால் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே கையில் கொக்கியை வைக்கிற ஆள் பசையோடு கொல்லையில் நிற்கிறார். அவரைத் தேடியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பவே தேடியது. ஆனால் திரைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்து மூடிப் பார்த்துவிட்டு, மாடியில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கும் அளவெடுக்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது வெயில் தணிந்திருந்தது. எங்கள் தெருவில் நுழைந்தேன். தூரத்திலேயே தெரிந்தது. கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், அந்த மஞ்சள் சீட்டைப் போட்டு அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குளித்துத் தலை வாரியிருந்தார், கையில் ஸ்பேனர். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பப் பிடிச்சு இப்படித்தான் உக்காந்திருக்கான். பஸ்ஸெல்லாம் இந்தப் பக்கம் வராதுடான்னு சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறான்."

சீட்டை உரசாமல் ஓரமாக நிறுத்தினேன். எழுந்து வந்தார். எங்காவது கீறல் இருக்கிறதா என்று வண்டியைச் சுற்றி வருவார் என நினைத்தேன். வண்டியை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மாட்டியாச்சா?"

"ஆச்சு. கூரை ஒட்டியாச்சா?"

"ஒட்டியாச்சு. ஒரு சுருக்கம் இல்ல."

சாவியை உருவி நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு, பெண் பார்க்க வந்த அன்று மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த சீட்ட மாட்டிக்கலாமா?" என்று கேட்டார்.

அவர் என்னிடம் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. "மாட்டுங்க" என்றேன். சீட்டை உள்ளே தூக்கி வைத்து, தெருவிலேயே குனிந்து, போல்ட்டுகளை முறுக்கி, இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். உறை இல்லாத ஃபோமில் அவர் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார். இரண்டு கையாலும் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டார், வண்டி இன்னும் கிளம்பவே இல்லை.

"மெதுவா உள்ள விடு. கேட் கொஞ்சம் குறுகல்."

நான் கேட்டுக்குள் திருப்பவில்லை. நேரே விட்டேன். வீடு பின்னால் போயிற்று. நாத்தனார், "டேய், எங்கடா போறீங்க?" என்று கத்துவது கேட்டது.

"எங்க போற?" என்று இவரும் கேட்டார். "இன்னும் எங்கயாவது மாட்ட வேண்டியது இருக்கா? ஏணி எடுத்துக்கலியே."

"ஒரு வேலையும் இல்ல" என்றேன். "சும்மா உங்களக் கூட்டிட்டுப் போறேன்."